செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே: பூச்சிகளிலும் முதுகெலும்பிகளிலும் இணைப்புகளின் பரிணாமம்

1963இல் மேரிலின் ஃபார்க்கரும் ஜார்ஜ் பலாடேயும் எலி, கினிப்பன்றி ஆகியவற்றின் உறுப்புகளிலிருந்து எபிதீலியத் திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். குடலோ சிறுநீரகமோ கணையமோ, எதை எடுத்தாலும் பக்கத்துப் பக்கத்து செல்கள் தொட்டுக்கொள்ளும் விளிம்பில் ஒரே வரிசை தெரிந்தது. உறுப்பின் உட்குழியை ஒட்டிய உச்சியில் இரு செல்களின் சவ்வுகளும் இடைவெளியே இல்லாமல் ஒன்றாகிப்போனதுபோல் இருந்தன. அது இறுக்க இணைப்பு. அதற்குக் கீழே சிறு இடைவெளியும் உட்புறத்தில் அடர்ந்த இழைகளும் கொண்ட ஒட்டு இணைப்பு. இன்னும் கீழே பொட்டுப் பொட்டாக டெஸ்மோசோம்கள். முதலாவது கசிவைத் தடுக்கிறது, மற்ற இரண்டும் செல்களைப் பிரியாமல் பிடித்துவைக்கின்றன.

இன்றும் பாடநூல்களில் செல் இணைப்பு என்றால் வருவது இந்தப் படம்தான். படத்தில் பிழை இல்லை. ஆனால் அது முதுகெலும்பிகளின் படம். பிளஸ் ஒன் மாணவர் அதே ஆண்டில் படிக்கும் கரப்பான்பூச்சியின் தோல் செல்களை நுண்ணோக்கியில் வைத்தால் வரிசை தலைகீழாகிவிடும். அங்கே உச்சியில் இருப்பது ஒட்டு இணைப்பு. கசிவைத் தடுப்பது அதற்குக் கீழே இருக்கிறது. அந்தத் தடுப்பிலும் சவ்வுகள் ஒட்டிப்போவதில்லை. சுமார் 15 நானோமீட்டர் அகலத்தில் இடைவெளி சீராக ஓடுகிறது, அதன் குறுக்கே ஏணிப்படிகள்போல் வரிசையாகத் தடுப்புகள் நிற்கின்றன. இதற்குச் செப்டேட் இணைப்பு என்று பெயர். 1959இல் ரிச்சர்ட் வுட் இதை ஹைட்ராவில் விவரித்திருந்தார். பின்பு நத்தை, புழு, பூச்சி என்று முதுகெலும்பற்ற விலங்குகளில் பரவலாகக் காணப்பட்டது. டெஸ்மோசோம் பூச்சிகளில் இல்லவே இல்லை.

தண்ணீரையும் உப்பையும் வேண்டிய பக்கத்தில் நிறுத்திவைக்க வேண்டிய தேவை ஈக்கும் உண்டு, எலிக்கும் உண்டு. இரண்டும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை. அப்படியிருக்க இவ்வளவு அடிப்படையான கருவி எப்படி இரண்டு விதமானது? முப்பது ஆண்டு மூலக்கூறு ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் எனக்குத் தெரியும் பதில் இது: செல்லுக்குள்ளே, செல் சட்டகத்தோடும் மேல்-கீழ் திசையறிவோடும் பின்னிக்கிடக்கும் பகுதிகள் அநேகமாக அப்படியே இருக்கின்றன, வெளியே அண்டை செல்லைத் தொடும் பகுதிகள்தான் திரும்பத் திரும்ப மாற்றப்பட்டிருக்கின்றன. இந்த விதிக்கு விலக்குகள் உண்டு. மிகப் பெரிய விலக்கு பூச்சியின் குடலிலேயே இருக்கிறது.

தடுப்பின் கதை

இறுக்க இணைப்பு எதனால் ஆனது என்பது நெடுங்காலம் தெரியவில்லை. உறையவைத்து உடைத்துப் பார்க்கும் முறையில், சவ்வுக்குள் பின்னிப் படர்ந்த இழைகள் தெரிந்தன. இழைகளின் எண்ணிக்கை கூடக்கூடத் திசுவின் மின்தடையும் கூடுவதை 1973இல் கிளாடும் குட்இனஃபும் காட்டினார்கள். ஆனால் அந்த இழை கொழுப்பா புரதமா என்பதிலேயே கருத்து வேறுபாடு இருந்தது. ஷோய்சிரோ ட்சுகிதாவின் குழு 1993இல் ஆக்லூடின் என்ற புரதத்தைக் கோழியிலிருந்து பிரித்தெடுத்தது. எல்லோரும் விடை கிடைத்துவிட்டது என்றே நினைத்தார்கள். அதே குழு எலியின் செல்களில் ஆக்லூடின் மரபணுவை நீக்கிப் பார்த்தபோது இறுக்க இணைப்பு ஒரு குறையுமின்றி உருவானது. மறுபடி முதலிலிருந்து தேடினார்கள். 1998இல் மிகியோ ஃபுருசே முதலாசிரியராக இருந்த கட்டுரையில் கிளாடின் வெளிவந்தது. இறுக்க இணைப்பே இல்லாத ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களில் கிளாடினை உண்டாக்கியபோது அங்கே புதிதாக இழைகள் தோன்றின. இதைவிடத் தெளிவான சான்று இந்தத் துறையில் அபூர்வம்.

கிளாடின் வெறும் அடைப்பான் அல்ல. பாலூட்டிகளில் இருபதுக்கும் மேற்பட்ட கிளாடின்கள் உள்ளன. சில முழுதாக அடைக்கும், சில குறிப்பிட்ட அயனிகளுக்கு மட்டும் வழிவிடும். சிறுநீரகத்தில் மக்னீசியம் திரும்ப உறிஞ்சப்படக் கிளாடின்-16 வேண்டும். அதில் கோளாறுள்ள குழந்தைகள் சிறுநீரில் மக்னீசியத்தை இழக்கிறார்கள் என்பது 1999இல் தெரியவந்தது. கிளாடின்-1 இல்லாத எலிக்குட்டிகள் பிறந்து ஒரு நாளுக்குள் செத்துப்போகின்றன. தோல் வழியாக உடலின் நீர் வெளியேறிவிடுவதே காரணம்.

இனி பழ ஈக்கு வருவோம். செப்டேட் இணைப்பு உண்மையிலேயே கசிவைத் தடுக்கிறதா என்பதிலேயே சந்தேகம் இருந்தது. 1970களில் கேம்பிரிட்ஜில் நான்சி லேனும் ஜான் ட்ரெஹெர்னும் கரப்பானின் நரம்புத் திரளைச் சுற்றிய உறையில் லாந்தனம் போன்ற அடையாளப் பொருள்களைச் செலுத்தி, அவை எதுவரை நுழைகின்றன என்று பார்த்தார்கள். தடுப்பது செப்டேட் இணைப்பா, அதன் அருகே அவர்கள் கண்ட இறுக்க இணைப்பு போன்ற அமைப்பா என்ற வாதம் வெகுகாலம் நீடித்தது. நுண்ணோக்கியால் மட்டும் அதைத் தீர்க்க முடியவில்லை, மரபணுவியல்தான் தீர்த்தது. 1998இல் ரிச்சர்ட் ஃபெஹானின் ஆய்வகம் கொரக்கிள் என்ற புரதம் இல்லாத ஈக் கருக்களின் உடற்குழிக்குள் 10 கிலோடால்டன் எடையுள்ள ஒளிரும் டெக்ஸ்ட்ரானைச் செலுத்தியது. சாதாரணக் கருவில் சாயம் உமிழ்நீர்ச் சுரப்பியின் சுவருக்கு வெளியிலேயே நின்றுவிடும். கொரக்கிள் இல்லாத கருவில், தடுப்புப் படிகள் மறைந்த இடைவெளிகள் வழியாக ஊடுருவிச் சுரப்பியின் குழியை நிறைத்தது.

அதற்குப் பிறகு செப்டேட் இணைப்பின் உறுப்பினர் பட்டியல் வளர்ந்துகொண்டே போனது. இன்று இருபதைத் தாண்டுகிறது. பட்டியலைப் பார்த்தால் சிரிப்பு வரும், அவ்வளவு கலவை. நியூரெக்சின்-4, கான்டாக்டின், நியூரோக்ளியன் ஆகியவை ஒட்டும் புரதங்கள், எதிர்பார்க்கத்தக்கவை. ஆனால் சோடியம்-பொட்டாசியம் பம்பும் அங்கே இருக்கிறது. பம்ப் செய்யும் திறனை அழித்துவிட்டாலும் இணைப்பைக் கட்டும் வேலையை அது செய்துவிடுகிறது. இரும்பைப் பிடிக்கும் மெலனோட்ரான்ஸ்ஃபெரின் அங்கே இருக்கிறது. நோய்த்தடுப்பில் வரும் புரதங்களுக்கு உறவான ஒன்றும் இருக்கிறது. பரிணாமம் கைக்குக் கிடைத்ததை எடுத்துப் புதிய வேலைக்குப் போடுவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

அந்தப் பட்டியலில் கிளாடின்களும் உண்டு என்பதுதான் ஆச்சரியம். 2003இல் மெகாட்ரேக்கியா, 2004இல் சினுவஸ், 2010இல் குனே-குனே என மூன்று கிளாடின் உறவுப் புரதங்கள் ஈயில் கண்டுபிடிக்கப்பட்டன. மூன்றும் செப்டேட் இணைப்பில் அமர்கின்றன. ஒன்று இல்லாவிட்டாலும் தடுப்பு குலைகிறது. ஆக, கிளாடின் இருந்தால் இறுக்க இணைப்பு என்று சொல்லிவிட முடியாது. இரு வம்சங்களும் பிரிவதற்கு முன்பே இந்தக் குடும்பத்துப் புரதம் செல் விளிம்பில் இருந்திருக்க வேண்டும். பூச்சி அதைப் பெரிய கூட்டமைப்பில் ஓர் உறுப்பாக வைத்துக்கொண்டது. முதுகெலும்பிகளின் வம்சம் அதையே பெருக்கி, அதை மட்டுமே கொண்டு இழை பின்னிவிட்டது.

மெகாட்ரேக்கியா என்ற பெயர் ஈக்கருவின் மூச்சுக்குழலிலிருந்து வந்தது. செப்டேட் இணைப்பு கெட்ட கருக்களில் அந்தக் குழல் அளவுக்கு மீறி நீண்டு வளைந்துபோகும். கசிவுக்கும் குழலின் நீளத்துக்கும் என்ன தொடர்பு என்று முதலில் விளங்கவில்லை. குழலின் உட்புறத்தில் கைட்டின் படலத்தைப் பதப்படுத்தும் வெர்மிஃபார்ம், செர்பன்டைன் என்ற நொதிகள் குழிக்குள் சுரக்கப்பட வேண்டும். இணைப்பு கெட்டால் அந்தச் சுரப்பே நடப்பதில்லை என்று 2006இல் இரு குழுக்கள் கண்டன. இறுக்க இணைப்போடு ஒப்பிடும்போது இதை மறந்துவிடுகிறோம்: செப்டேட் இணைப்பு கசிவைத் தடுப்பதோடு நிற்கவில்லை, சுரப்பிலும் பங்கெடுக்கிறது.

இடமாற்றம் பற்றிய கேள்வி மிச்சமிருக்கிறது. ஈயின் தோல் செல்லில் ஒட்டு இணைப்புக்கு மேலே, எலியில் இறுக்க இணைப்பு இருக்கும் அதே உயரத்தில் என்ன இருக்கிறது? எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அங்கே குறிப்பாக எதுவும் தெரியாது. ஆனால் அந்தக் குறுகிய பட்டையில்தான் கிரம்ப்ஸ் என்ற புரதமும் அதன் கூட்டாளிகளும் குவிகின்றன. உல்ரிக் டெபாஸ், எலிசபெத் க்னுஸ்ட் முதலானோர் 1990இல் விவரித்த கிரம்ப்ஸ் இல்லாவிட்டால் செல்லுக்கு எது மேல், எது கீழ் என்பதே தெரியாமல் எபிதீலியம் சிதைந்துவிடும். இதே கிரம்ப்ஸ் கூட்டாளிகள் முதுகெலும்பிகளிலும் இருக்கிறார்கள், இறுக்க இணைப்பின் உயரத்திலேயே. மனிதரில் ஒரு கிரம்ப்ஸ் மரபணு கெட்டால் விழித்திரை சிதைகிறது. ஈயின் கண்ணிலும் ஒளி உணரும் செல்களுக்கு அதே புரதம் வேண்டும். இடத்தைக் குறிக்கும் புரதங்கள் இருபுறமும் ஒன்றே. அந்த இடத்தில் முதுகெலும்பி தடுப்பு கட்டியது, பூச்சி கட்டவில்லை.

உட்புறத் தாங்கிப் புரதங்களும் இதையே சொல்கின்றன. இறுக்க இணைப்பில் முதன்முதலில், 1986இல், அடையாளம் காணப்பட்ட புரதம் இசட்ஓ-1. அதன் வரிசை பின்னாளில் தெரிந்தபோது, இல்லாவிட்டால் ஈயில் கட்டி உண்டாகும் டிஸ்க்ஸ் லார்ஜ் புரதத்துக்கும் எலி மூளையின் நரம்புச் சந்திப்பில் கிடைத்த பிஎஸ்டி-95 புரதத்துக்கும் அது நெருங்கிய உறவு என்று தெரியவந்தது. டிஸ்க்ஸ் லார்ஜ் ஈயின் செப்டேட் இணைப்பில் இருக்கிறது. இசட்ஓ-1இன் நேரடி ஈ உறவான பாலிகீட்டாய்டோ ஒட்டு இணைப்பில் இருக்கிறது. ஒரே குடும்பத்துத் தாங்கிகள் வெவ்வேறு தளங்களுக்குப் பங்கிடப்பட்டுள்ளன. இதை வைத்துக்கொண்டு ‘செப்டேட் இணைப்புதான் பூச்சியின் இறுக்க இணைப்பு’ என்று சமன்பாடு போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வேலையால் அது சரி. உறவுமுறையால் தவறு.

மூன்று செல்கள் ஒரே மூலையில் கூடும் இடங்கள் தனிச் சிக்கல். இரண்டிரண்டாக அடைத்தாலும் மூலையில் ஓட்டை விழும். ஈ அங்கே கிளையோடாக்டின், அனகோண்டா ஆகியவற்றை வைக்கிறது. முதுகெலும்பி 2005இல் கண்டறியப்பட்ட ட்ரைசெல்லுலினையும் ஆங்குலின்களையும் வைக்கிறது. இவற்றுக்கிடையே உறவு இல்லை. சிக்கல் ஒன்று, தீர்வு இரண்டு.

நரம்பில் மிஞ்சியது

முதுகெலும்பிகளிடம் செப்டேட் இணைப்பு அற்றுப்போயிற்றா? தோலிலும் குடலிலும் பார்த்தால் ஆம். நரம்பில் பார்த்தால் இல்லை.

பூச்சியின் மூளைக்குத் தடுப்பு எதற்கு என்பதிலிருந்து தொடங்கலாம். பழ ஈயின் உடற்திரவத்தில் பொட்டாசியம் மிகுதி. அது நரம்பைத் தொட்டால் நரம்பால் சைகை அனுப்ப முடியாது. அதனால் கிளையா செல்கள் நரம்பு மண்டலம் முழுவதையும் போர்த்திச் செப்டேட் இணைப்புகளால் அடைத்துவைக்கின்றன. 1996இல் ஸ்டெஃபான் பௌம்கார்ட்னர், ஹ்யூகோ பெல்லன் முதலானோர் நியூரெக்சின்-4 இல்லாத கருக்களை விவரித்தார்கள். தடுப்புப் படிகள் இல்லை; பொட்டாசியம் உள்ளே புகுந்தது; கரு அசையாமல் கிடந்தது.

அடுத்த ஆண்டே எலியில் காஸ்பர் என்ற புரதம் அடையாளம் காணப்பட்டது. அது நியூரெக்சின்-4இன் உறவு. இருக்குமிடம் மயலின் உறையிட்ட நரம்பிழையில், ரான்வியர் கணுவின் இருபுறமும். அங்கே மயலினின் விளிம்பு நரம்பிழையை இறுகப் பற்றும் இடத்தில் குறுக்குப் பட்டைகள் வரிசையாகத் தெரிவதை நுண்ணோக்கியாளர்கள் முன்பே பார்த்திருந்தார்கள். காஸ்பரோடு கான்டாக்டின், நியூரோஃபாசின்-155, உட்புறத்தில் 4.1பி. ஈயின் நியூரெக்சின்-4, கான்டாக்டின், நியூரோக்ளியன், கொரக்கிள் என்ற நான்கையும் இவற்றுக்கு நேராக எழுதிப் பார்த்தால் கூட்டணி முழுவதும் கைமாறாமல் வந்திருப்பது தெரியும். 2001இல் மன்சூர் பட்டின் குழு காஸ்பர் இல்லாத எலிகளை வளர்த்தபோது குறுக்குப் பட்டைகள் மறைந்தன, நரம்பின் கடத்தும் வேகம் குறைந்தது.

நரம்பியல் மருத்துவர்களுக்கு இது வெறும் விலங்கியல் அல்ல. நாள்பட்ட அழற்சியால் மயலின் சிதையும் நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குக் கான்டாக்டினுக்கோ நியூரோஃபாசின்-155க்கோ எதிரான ஆன்டிபாடிகள் இரத்தத்தில் இருக்கின்றன. அவர்களில் பலருக்கு வழக்கமான இம்யூனோகுளோபுலின் சிகிச்சை சரிவரப் பலிப்பதில்லை, ரிட்டுக்ஸிமாப் பலிக்கிறது. ஈயின் மூளையை அடைத்துவைக்கும் புரதத்தின் உறவை அந்த ஆன்டிபாடி தாக்குகிறது.

இங்கே மட்டும் ஏன் மிஞ்சியது? செப்டேட் இணைப்பின் புரதங்கள் மிக மெதுவாகவே இடம்பெயர்கின்றன, ஒருமுறை அமைந்தால் அசைவது அரிது. இறுக்க இணைப்பின் புரதங்கள் பல நிமிடத்துக்கு நிமிடம் வந்துபோகின்றன. ஓயாமல் செல்களை உதிர்த்துப் புதுப்பிக்கும் முதுகெலும்பிக் குடலுக்கு இரண்டாவது வகை வசதி. ஆயுள் முழுதும் ஒரே இடத்தில் நிற்க வேண்டிய மயலின் விளிம்புக்கு முதல் வகை வசதி. இது என் ஊகம்.

ஒட்டும் புரதங்கள்

மாறாமை என்று பேசினால் முதலிடம் ஒட்டு இணைப்புக்கு. மசாதோஷி தகேய்சி கண்டறிந்த காட்ஹெரின் வெளியே அண்டை செல்லின் காட்ஹெரினைப் பற்றுகிறது. அதன் வால் உள்ளே பீட்டா-காட்டெனினைப் பிடிக்கிறது. அது ஆல்ஃபா-காட்டெனின் வழியாக ஆக்டின் இழைகளோடு சேர்கிறது. ஈயில் இதே சங்கிலி. ஈயின் ஆர்மடில்லோ மரபணு கருவின் உடற்கண்ட அமைப்பைக் குலைக்கும் திடீர்மாற்றத்தால் தெரியவந்தது. 1991இல் பியர் மக்ரேயும் பேரி கம்பினரும் காட்ஹெரினோடு ஒட்டிவந்த பீட்டா-காட்டெனினின் வரிசையைப் படித்தபோது அது ஆர்மடில்லோவேதான் என்று தெரிந்தது. ஒட்டும் வேலையும் செல்லுக்கு உத்தரவு கொடுக்கும் வேலையும் ஒரே புரதத்தின் தலையில். அதனாலேயே அது மாறவில்லை என்று நினைக்கிறேன்: இரண்டு எஜமானர்களுக்கு வேலை செய்யும் புரதத்தில் எந்த மாற்றமும் இரண்டு இடத்தில் கெடுதல் செய்யும்.

ஆனால் காட்ஹெரினின் வெளிப்பகுதியைப் பாருங்கள். மனிதனின் ஈ-காட்ஹெரினில் ஐந்து காட்ஹெரின் மடிப்புகள், அவ்வளவுதான். பழ ஈயில் மடிப்புகள் அதிகம். சவ்வை ஒட்டி வேறு வகை மடிப்புகளும் செருகப்பட்டிருக்கின்றன. அந்த ஈக் காட்ஹெரினை 1994இல் கண்டறிந்த ஹிரோகி ஒடா பின்பு சிலந்தி, இறால், நட்சத்திர மீன் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, ஆதியில் இது இன்னும் நீளமாக இருந்தது, பூச்சிகளின் வம்சத்திலும் முதுகுநாண் விலங்குகளின் வம்சத்திலும் தனித்தனியே வெட்டிச் சுருக்கப்பட்டது என்ற முடிவுக்கு வந்தார். வால் அப்படியே, தலை மட்டும் வேறு வேறு விதமாகக் குட்டையானது.

இந்த இரண்டு பாதிகளும் தொடக்கத்தில் சேர்ந்தே இருக்கவில்லை. விலங்குகளுக்கு நெருங்கிய ஒரு செல் உறவான மோனோசைகாவில் 23 காட்ஹெரின் மரபணுக்கள் உள்ளன. வெகு தூரத்து உறவான டிக்டியோஸ்டீலியம் அமீபாவிலோ காட்ஹெரின் இல்லை, ஆனால் ஆல்ஃபா, பீட்டா காட்டெனின்களின் உறவுகள் இருக்கின்றன. பட்டினியில் ஒன்றுகூடிக் காம்பு எழுப்பும்போது அதன் நுனியில் எபிதீலியம் போன்ற ஒரு செல் வளையத்தை அவை கட்டுகின்றன என்று 2011இல் டேனியல் டிக்கின்சன் முதலானோர் காட்டினார்கள். பசையும் சட்டகமும் தனித்தனியே பழையவை. இரண்டையும் முடிச்சுப்போட்டது விலங்குகளின் வம்சம்.

டெஸ்மோசோம் முதுகெலும்பிகளின் தனிச்சொத்து. அது கெரட்டின் போன்ற இடைநிலை இழைகளைப் பிடித்துத் தொங்குவது. பூச்சிகளின் செல்லில் லாமின் தவிர அந்த இழைகளே கிட்டத்தட்ட இல்லை. விறைப்பை உடலுக்கு வெளியே, கைட்டின் ஓட்டில் வைத்துவிட்ட விலங்குக்கு அது தேவைப்படவில்லை. தசை ஓட்டை இழுக்கும் இடங்களில் மைக்ரோடியூபுல் கற்றைகள் அந்தச் சுமையைத் தாங்குகின்றன. நாம் தோலை மென்மையாக வைத்துக்கொண்டதற்கு வேறு விலை கொடுக்கிறோம்: டெஸ்மோசோமின் டெஸ்மோக்ளீன் புரதத்தை உடலே தாக்கும் பெம்ஃபிகஸ் நோயில் தோலிலும் வாயிலும் கொப்புளங்கள் வெடிக்கின்றன.

துளையை மாற்றிய வம்சம்

இடைவெளி இணைப்பில் மேலே சொன்ன விதி உடைகிறது. இது ஒரு செல்லின் உட்பகுதியை அடுத்த செல்லின் உட்பகுதியோடு நேரே சேர்க்கும் துளை. எட்வின் ஃபர்ஷ்பானும் டேவிட் பாட்டரும் நன்னீர் நண்டு வகையான கிரேஃபிஷின் நரம்பில் மின்சைகை நேரடியாகத் தாவுவதை 1959இல் காட்டினார்கள். முதுகெலும்பிகளில் துளையின் புரதம் கனெக்சின் என்பது 1980களில் தெரிந்தது. பூச்சியில் கனெக்சினைத் தேடியவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. பழ ஈயில் இல்லை. உருளைப்புழுவின் மரபுத்தொகுதி முழுதும் படிக்கப்பட்ட பிறகும் இல்லை. பூச்சிகளின் துளை இன்னெக்சின் என்ற வேறு புரதத்தால் ஆனது. ஷேக்கிங்-பி என்ற ஈப் புரதத்தைத் தவளை முட்டைகளில் உண்டாக்கி, இரண்டு முட்டைகளை ஒட்டிவைத்து, அவற்றிடையே மின்சாரம் பாய்வதை பாலின் ஃபெலன் முதலானோர் 1998இல் காட்டினார்கள்.

இரண்டுக்கும் அமினோ அமில வரிசையில் ஒற்றுமை இல்லை. ஆனால் இரண்டும் சவ்வை நான்கு முறை கடக்கின்றன. வெளியே இரண்டு கண்ணிகள். முனைகள் இரண்டும் உள்ளே. கனெக்சின் ஆறு ஆறாக வளையமாகிறது. புழுவின் ஓர் இன்னெக்சின் எட்டு எட்டாகச் சேர்வதை 2016இல் அத்சுனோரி ஓஷிமாவின் குழு படம்பிடித்தது. பழ ஈயில் 8 இன்னெக்சின்கள், மனிதரில் 21 கனெக்சின்கள்.

இன்னெக்சின் நம்மிடமும் இருக்கிறது. யூரி பான்சின் முதலானோர் 2000இல் அவற்றுக்கு பானெக்சின் என்று பெயரிட்டார்கள், மனிதருக்கு மூன்று. ஆனால் அவை அண்டை செல்லோடு இணைவதில்லை. வெளிக் கண்ணியில் ஒரு சர்க்கரைக் கிளை ஒட்டிக்கொண்டு இணைவதைத் தடுக்கிறது. அதனால் அவை ஒரு சவ்வில் மட்டும் துளையாக நின்று ஏடிபியை வெளியே விடுகின்றன. பழைய புரதம் சரியாக வேலை செய்துகொண்டிருந்தபோது புதியது எதற்கு? ஜெர்மனியின் பைராய்ட் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் வெல்செலும் ஸ்டெஃபான் ஷுஸ்டரும் 2022இல் 2,388 இன்னெக்சின்களின் சர்க்கரை இடங்களை ஒப்பிட்டார்கள். முதுகுநாண் விலங்குகளில் அந்த இடம் இல்லாத இன்னெக்சின் ஒன்றுகூட இல்லை. கனெக்சின் இல்லாத முதுகுநாண் விலங்கான ஆம்ஃபியாக்சஸில் மிஞ்சியிருப்பது ஒரே ஓர் இன்னெக்சின், அதிலும் சர்க்கரை இடம் உண்டு. ஆக, அவர்கள் சொல்வது: ஆதி முதுகுநாண் விலங்குகளில் இன்னெக்சின் வகைகள் ஒவ்வொன்றாக அழிந்தன, தப்பிய ஒன்று இணையத் தெரியாதது, அந்த வெற்றிடத்தில் கனெக்சின் நுழைந்தது. புதியது மேலானது என்பதால் வந்ததல்ல, பழையது தொலைந்துபோனதால் வந்தது. பரிணாமத்தை முன்னேற்றம் என்றே எழுதிப் பழகிய நமக்கு இந்த விளக்கம் நல்ல மருந்து.

கனெக்சின்-26இல் பழுது விழுந்தால் உள்காதில் பொட்டாசியத்தின் சுழற்சி கெட்டுப் பிறவிச் செவிட்டுத்தன்மை வரும். இந்தியாவில் இதற்கு அதிகம் காணப்படும் திடீர்மாற்றம், 24ஆம் இடத்தில் ட்ரிப்டோஃபேனுக்குப் பதிலாக முற்றுப்புள்ளி விழுவது. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற 2003ஆம் ஆண்டுக் கட்டுரை, இது ஒரு மூதாதையிடமிருந்து பரவியது என்று வாதிட்டது. ஸ்லோவாக்கியாவிலும் ஸ்பெயினிலும் வாழும் ரோமா மக்களிடமும் இதே மாற்றம் கிடைக்கிறது. அவர்களின் முன்னோர் இந்தியாவிலிருந்து சென்றவர்கள்.

குடல் சொல்வது வேறு

இதுவரை பூச்சி என்று சொன்னதெல்லாம் பெரும்பாலும் பூச்சியின் தோலும் மூச்சுக்குழலும்தான். ஈயின் நடுக்குடலுக்குப் போனால் வரிசை மறுபடி புரள்கிறது. அங்கே தடுப்பு மேலே, ஒட்டு இணைப்பு கீழே. எலியின் குடலைப்போலவே. தடுப்பு செப்டேட் வகைதான், ஆனால் படிகள் தெளிவாகத் தெரியாத வழுவழுப்பான வகை. 2018இல் கேம்பிரிட்ஜில் டேனியல் செயின்ட் ஜான்ஸ்டனின் ஆய்வகம் இன்னும் குழப்பமான செய்தியைக் கொண்டுவந்தது: இந்தக் குடல் செல்களின் மேல்-கீழ் திசைக்குக் கிரம்ப்ஸோ அதன் வழக்கமான சகாக்களோ தேவையில்லை. அடியில் இருக்கும் இன்டெக்ரின்களிடமிருந்துதான் செல் திசையைக் கற்கிறது. நான் மேலே ‘மாறாத உட்புறம்’ என்று சொன்ன விதி ஒரே விலங்கின் தோலில் செல்லும், குடலில் செல்லாது. பூச்சி-முதுகெலும்பி என்று பிரிப்பதைவிட, எந்தத் திசு, கருவின் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று பிரிப்பது சில இடங்களில் பொருத்தம். அதுவும் முழுப் பொருத்தமில்லை. சிறுநீர் வடிக்கும் மால்பிஜியன் குழல்கள் தோலின் அடுக்கிலிருந்து வந்தும் குடலின் வழுவழுப்பு வகையையே வைத்திருக்கின்றன.

இந்தக் குடல் இணைப்பு எதனால் ஆனது என்று தேடியவர்களில் முன்னணியில் இருந்தவர் மிகியோ ஃபுருசே, கிளாடினைக் கண்டவர்களில் ஒருவரான அதே ஆள்தான். யசுஷி இசுமியோடு சேர்ந்து அவர் பட்டுப்புழுவின் நடுக்குடல் சவ்வைப் பிரித்து அதற்கு எதிராக ஆன்டிபாடிகளை உண்டாக்கி வடிகட்டினார். 2012இல் ஸ்னேக்ஸ்கின், மெஷ் என்ற இரண்டு புரதங்களும், 2016இல் வேறொரு தேடலில் டிஎஸ்பி2ஏ என்பதும் வெளிவந்தன. கிளாடின் வரவில்லை. நியூரெக்சின்-4உம் வரவில்லை. ஒரே பூச்சிக்குள் தோலுக்கு ஒரு தடுப்பு, குடலுக்கு வேறொரு தடுப்பு.

குடல் தடுப்பின் நிலையைக் கண்ணால் பார்க்க எளிய வழி உண்டு. மிட்டாய்களில் போடும் நீலச் சாயத்தை ஈயின் உணவில் கலந்து வைக்கிறார்கள். இளம் ஈயில் நீலம் வாயிலும் குடலிலும் மட்டும் தெரியும். வயதானவற்றில் சில தலையிலிருந்து வால்வரை நீலமாகிவிடும். ஒரு கார்ட்டூனின் நீல மனிதர்களை நினைத்து அவற்றை ஸ்மர்ஃப் என்று அழைக்கிறார்கள். மைக்கேல் ரேராவும் டேவிட் வாக்கரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே நாளில் பிறந்த ஈக்களில் நீலமானவைதான் முதலில் செத்தன. 2018இல் அதே ஆய்வகம் வளர்ந்த ஈயின் குடலில் ஸ்னேக்ஸ்கினைக் கூட்டியபோது ஆயுள் நீண்டது.

ஸ்னேக்ஸ்கின் முதுகெலும்பிகளில் இல்லை. பூச்சிமருந்து நிறுவனங்கள் அதைக் கவனித்துவிட்டன. அமெரிக்காவின் மக்காச்சோளத்தைத் தின்னும் வேர்ப்புழுவில் ஸ்னேக்ஸ்கின், மெஷ் ஆகியவற்றின் உறவு மரபணுக்களை இரட்டை இழை ஆர்என்ஏவால் அடக்கிப் புழுவைக் கொல்லலாம் என்று 2016இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 2019இல் அந்தப் புழுவின் குடல் இணைப்பு எப்படிச் சிதைகிறது என்பதும் விவரிக்கப்பட்டது. புழுவின் தடுப்பு நம் தடுப்பல்ல என்பதால் சாப்பிடுபவருக்கு இதில் பயமில்லை என்று வாதிடலாம். தேனீயைப் பற்றி அப்படி வாதிட முடியாது. அதன் குடலிலும் ஸ்னேக்ஸ்கின் குடும்பத்துப் புரதம்தான் இருக்கும். அதைக் காப்பது ஆர்என்ஏ வரிசையில் இரு பூச்சிகளுக்கும் உள்ள வேற்றுமை மட்டுமே. அந்த வேற்றுமை போதுமானதா என்பதை ஒவ்வொரு பூச்சியாகத்தான் சோதிக்க வேண்டும்.